பனி லில்லி க்ரீமில் இரண்டு கால்கள்!

"உன் தலைய இந்தக் கொப்பரைக்குள்ள முக்கி எடுக்கலேன்னா என் பேரு சிதோனி இல்லடா!"

"கத்தாதே கிழவி! நீ வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுறே. நான் பார்சிலோனா கிளையிலேர்ந்து வந்திருக்கேன். என் பேரு ராமோன் இபார்ரா!"

"ராமோனா? உன் ஆத்தா உனக்கு அரிஸ்தீத்னுதான் பேரு வெச்சா! நாப்பத்தி மூணுல மூஞ்சில சாம்பல் முக்காடு போட்டுக்கிட்டு என் வீட்டுக்குள்ள பூந்து என் பன்னியத் தூக்கிட்டுப் போனவன்தானே நீ?"

"எந்தப் பன்னி?"

"எழுபது கிலோ பன்னிடா! அதையாவது விட்டுடறேன். ரொட்டிக்கடை பாஸ்தியானையும் அதே வண்டியில ஏத்திட்டுப் போனீங்களே... பன்னியோட எலும்பாவது குப்பையில கெடச்சுது. அவன் எலும்புகூட வரலியேடா!"

"முக்காடு போட்டிருந்தா மூஞ்சி எப்படித் தெரியும்?"

"மூஞ்சி எதுக்கு? நடைய மறைக்க முக்காடு இருக்கா? வாத்து மாதிரி நடக்கிறவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்!"

க்ரீம் கலவைக் கூடத்தின் கதவுக்கு வெளியே...

இன்ஸ்பெக்டர் ஒனோரே பெலிசார், கைப்பிடியில் வைத்த கையை மெதுவாக எடுத்தார்.

உள்ளே கத்திக்கொண்டிருந்தது அவருடைய மாமியார்!

கதவைத் திறந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அது.

சத்தமில்லாமல் நழுவி வாசல் பக்கம் வந்தார்.

"உள்ள என்ன சார் சத்தம்?" என்று கேட்டார் ஏட்டு ஜெதெயோன். ஐம்பது வயது. தொந்திக்கு மட்டும் நூறு வயது இருக்கும்.

"ஒண்ணுமில்லய்யா. என் மாமியார் யாரையோ கொப்பரையில முக்கப் போறாங்களாம்."

"பாவம் சார்."

"யாரு?"

"அந்த யாரோதான் சார்!"

அன்று செந்த்-ஒதெத் ஊரே விழாக்கோலத்தில் இருந்தது. லியோனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. பொந்தாலியே அழகு சாதனத் தொழிற்சாலை! பிரான்சில் பாதிப் பெண்கள் முகத்தில் இருப்பது பொந்தாலியேவின் 'பனி லில்லி' க்ரீம்.

அந்த முதலாளி அன்செல்ம் பொந்தாலியேவுக்கு இன்று அரசாங்கத்தின் வீரப் பதக்கம். போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்களை எதிர்த்துத் தலைமறைவாக வாழ்ந்த தியாகி என்று! போர் முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்து இப்போதுதான் அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியரே மனைவியோடு வந்து மாட்டிவிடப் போகிறார். பிறகு தொழிலாளர் எல்லாருக்கும் விருந்து. சமையல், தொழிற்சாலைக் கேன்டீனின் தலைமைச் சமையல்காரி சிதோனி.

பெலிசாருக்குப் பாதுகாப்பு வேலை.

கொடிக்கம்பத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்...

அப்போது...

"ஆஆஆ...!"

தோரணம் கட்டிவிட்டு அப்போதுதான் கலவைக் கூடத்துக்குத் திரும்பிய பெண்களின் அலறல்!

பெலிசார் ஓடினார். ஜெதெயோன் நடந்தார். அவர் ஓடுவது அப்படித்தான் இருக்கும்.

பெரிய செம்புக் கொப்பரை. அது நிறைய வெள்ளை வெளேர் என்று பனி லில்லி க்ரீம்.

அதன் நடுவில்...

தலைகீழாக நின்றன இரண்டு கால்கள்!

பளபளக்கும் பார்சிலோனா ஷூக்களோடு!

நாலு பேர் சேர்ந்து வெளியே இழுத்தார்கள். ராமோன் என்கிற அரிஸ்தீத்! மண்டையின் பின்பக்கம் பிளந்திருந்தது. பக்கத்திலேயே கிடந்தது, க்ரீம் கிண்டும் மரத்துடுப்பு.

ஜெதெயோன் குனிந்து பிணத்தின் முகத்தைப் பார்த்தார்.

"சார்... கன்னம் என்னமா மின்னுது பாருங்க! பத்து வயசு கொறஞ்ச மாதிரி!"

"செத்தவனுக்கு எதுக்குய்யா இளமை?"

"என் பொண்டாட்டிக்குக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா சார்?" ஜெதெயோன் கொப்பரைக்குள் விரலை விடப் போனார்.

படீர்! கிண்டுகிற பெண் ஒருத்தி அவர் கையில் அடித்தாள். அவள் கையில் முழங்கை வரை ரப்பர் உறை.

"வெறுங்கையால தொடாதீங்க! முதலாளி உத்தரவு."

"ஏம்மா?"

"தெரியாது. இங்க கேள்வி கேட்டா வேலை போயிடும்."

பின்னால் பூட்ஸ் சத்தம்.

கமிஷனர் ஒக்தாவ் வோத்ரே! விழாவுக்கான முழுச் சீருடை. மார்பில் பட்டைகள். கையில் வெள்ளைக் கையுறை. கால்சட்டை மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். பெலிசாரின் மேலதிகாரி.

"இன்னிக்குப் பார்த்தாய்யா இது நடக்கணும்? ஆட்சியர் வர்ற நாளு! சீக்கிரம் முடி. செத்தவன்கூட யாராவது சண்டை போட்டாங்களா?"

பெலிசார் இழுத்தார்.

"அது வந்து சார்..."

"சார்தான் காதால கேட்டாரு சார்!" என்றார் ஜெதெயோன், உதவி செய்கிற நினைப்பில். "கொப்பரையில முக்கிடுவேன்னு அந்தம்மா சொன்னத!"

"எந்தம்மா?"

பெலிசார் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் மாமியார், சார்."

கிண்டுகிற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கமிஷனர் வோத்ரே அருகில் வந்து பெலிசாரின் தோளில் தட்டினார்.

"கடமைன்னா இதான்யா! மாமியாரைக் கைது பண்ற பாக்கியம் எத்தனை மாப்பிள்ளைக்குக் கெடைக்கும்? போ... சந்தோஷமா போயிட்டு வா!"

*

"கையை நீட்டுங்க அத்தே..."

"எதுக்கு?"

"விலங்கு போடணும்."

"அந்த வாத்து செத்துட்டானா?" சிதோனியின் முகம் மலர்ந்தது. "யாரு அந்தப் புண்ணியவான்?"

"நீங்கதான்னு சொல்றாங்க!"

"நானா?" அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "யாரு சொன்னது?"

பெலிசார் தன் ஷூவைப் பார்த்தார். ஜெதெயோன் கூரையைப் பார்த்தார்.

"நீயா மாப்ளே? என் பொண்ணையும் குடுத்து, வாரா வாரம் முயல் கறியும் ஆக்கிப் போட்டேனே... என்னைக் காட்டிக் குடுத்தியா?"

"நான் காட்டிக் குடுக்கல. ஜெதெயோன்தான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இல்ல."

"அவன்கிட்ட நீ எதுக்குச் சொன்னே?"

பெலிசார் பேச்சை மாற்றினார்.

"அத்தே, ஒரே ஒரு கேள்வி. நீங்க செய்யலேல்ல?"

"ஏன்டா, நான் செஞ்சிருந்தா உன்கிட்ட சொல்லிப் பெருமை அடிச்சிருக்க மாட்டேன்? சாஸ் அடிப்பிடிக்குதுன்னு பாதிச் சண்டையில ஓடி வந்துட்டேன். அந்த வருத்தம்தான் இப்பவும்!"

பெலிசாருக்குச் சுரீர் என்றது.

இது உண்மை. மாமியார் என்றோ ஒரு பெருச்சாளியைத் துடைப்பத்தால் அடித்த கதையை இன்றுவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்கிறார். ஒரு மனுஷனையே அடித்திருந்தால் இந்நேரம் ஊர் முழுக்கத் தமுக்கு அடித்திருப்பார்!

அப்படியானால் கொலைகாரன் வேறு யாரோ.

"மாப்ளே, கேட்டுக்க. அந்தச் சாம்பல் முக்காடு சங்கம் இருந்துச்சே... ஜெர்மன்காரனுக்கு வாலாட்டிக்கிட்டு ஊர்க்காரனையே புடிச்சுக் குடுத்த பயலுக. அவனுங்களுக்கு வண்டி, துணி, சாராயம் எல்லாத்துக்கும் படியளந்தது யாருங்கிறே? நம்ம முதலாளிதான்!"

"பொந்தாலியேவா? அவர் தியாகியாச்சே அத்தே!"

"தியாகி! பார்சிலோனா கிளையில ஒரே ஒரு ஸ்பானியக்காரனைக் காட்டு பார்க்கலாம். போர் முடிஞ்சதும் இங்கேர்ந்து ஓடின பய எல்லாம் அங்கதானே சோப்பு விக்கிறான்?"

அது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். பார்சிலோனா கிளையிலிருந்து யார் வந்தாலும் லியோன் வாசனையோடுதான் பேசுவார்கள்.

ஆனால் நிரூபணம்?

*

பொந்தாலியேவின் அறை முழுக்க ரோஜா வாசனை. அறுபது வயசு. முடி மட்டும் காக்கைக் கறுப்பு. சொந்தத் தயாரிப்புச் சாயம். வியர்த்தால் காதோரம் கறுப்புக் கோடு வழியும். அதனால் அவர் வியர்க்கிற மாதிரி எந்த வேலையும் செய்வதில்லை.

"செத்தவனை உங்களுக்குத் தெரியுமா முசியே?"

"பார்சிலோனா கிளையில எத்தனையோ பேரு. எல்லார் மூஞ்சியும் ஞாபகம் இருக்குமா?"

"அவன் சாம்பல் முக்காடு ஆளுன்னு சொல்றாங்க."

"ஐயோ! அந்தக் கயவனுங்களா?" பொந்தாலியே நெஞ்சில் கைவைத்தார். "அவனுங்களுக்குப் பயந்துதானே நாலு வருஷம் மலையில ஒரு தொழுவத்துல ஒளிஞ்சு கெடந்தேன்!"

"பெலிசார்!" கதவில் கமிஷனர். "தியாகியைப் போய்க் கேள்வி கேக்குறியா? வெளிய வா! உன் மாமியாரை லியோன் நீதிபதிகிட்ட அனுப்பணும். அவ்ளோதான் கேஸு!"

"இப்பவா சார்?"

"இப்ப எப்படிய்யா அனுப்புறது? சாப்பாட்டு வேளையாச்சு! டிரைவர் சாப்பிடப் போயிட்டான். நீதிபதியும் சாப்பிடப் போயிருப்பார். விருந்து முடியட்டும்."

"ஆனா விருந்துக்குச் சமைக்கிறதே அவங்கதான் சார்..."

கமிஷனர் நெற்றியைச் சுருக்கினார். பிரெஞ்சுக்காரனுக்கு இதைவிடப் பெரிய சட்டச் சிக்கல் வர முடியாது. கொலைகாரியை விடவும் கூடாது. மதியச் சாப்பாட்டை விடவும் கூடாது!

"விலங்கோட சமைக்கட்டும்! முடிஞ்சதும் அனுப்பிடு."

ட்ர்ர்ரிங்...! மேஜையில் தொலைபேசி.

"இன்ஸ்பெக்டர், உமக்குத்தான்" என்று நீட்டினார் பொந்தாலியே.

மறுமுனையில் மனைவி யூலாலி.

"என்னங்க... எங்கம்மாவுக்கு விலங்கு போட்டீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"முடிவெட்டுற கடையில சொன்னாங்க. பால்கடையில சொன்னாங்க. பாதிரியார்கூட சொன்னாரு. நீங்க மட்டும்தான் சொல்லல!"

"யூலாலி, கொஞ்சம் பொறுமையா..."

"கொலைக் கேஸுன்னா தலைய வெட்டுவாங்களாமே? எங்கம்மா தலை போச்சுன்னா இந்த வீட்டுல உங்க தலை தெரியக்கூடாது! உங்க துணியெல்லாம் இப்பவே மூட்டை கட்டியாச்சு. அம்மாவோட வந்தா பிரிக்கிறேன். தனியா வந்தா எறியிறேன்!"

டொக்!

பெலிசார் ரிசீவரை வைத்தார். விருந்து முடிவதற்குள் கொலைகாரனைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மாமியாருக்குத் தலை இல்லை. அவருக்கு வீடு இல்லை!

*

சமையலறையில் ஒரு விசித்திரக் காட்சி.

சிதோனியின் இடது கை ஜெதெயோனின் வலது கையோடு பூட்டப்பட்டிருந்தது. அவர் அடுப்புக்குப் போனால் ஜெதெயோனும் அடுப்புக்கு. அவர் கிண்டினால் ஜெதெயோனின் கையும் சேர்ந்து கிண்டியது. வெங்காயம் நறுக்கியபோது இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

"சார், என்னை விடுதலை பண்ணுங்க சார்... இந்தம்மாவுக்கு ஆயுள் தண்டனையோ என்னவோ, எனக்கு இப்பவே அனுபவிச்ச மாதிரி இருக்கு!"

"சும்மா வாடா தொந்தி! அந்தப் பெரிய பானைய எடு."

"அத்தே, ட்ரவுட் மீன் சூப்புதானே?" பெலிசார் பானையை எட்டிப் பார்க்கப் போனார்.

கரண்டி அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

"தூரப் போ! மீனெல்லாம் திரும்பக் குளத்துக்கே போகட்டும். எப்படியும் என்னை உள்ள தள்ளப் போறீங்க. போறதுக்கு முன்னாடி இந்தப் பெரிய மனுஷனுங்களுக்கு என் கையால ஒரு விருந்து வெக்கிறேன்!"

"அத்தே... விஷம் கிஷம்..."

"விஷமா? அதைவிட நல்லா இருக்கும். போடா!"

*

விருந்துக் கூடம். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள். மேடை மேல் நீள மேஜை. நடுவில் பொந்தாலியே. வலப்பக்கம் ஆட்சியரும் அவர் மனைவியும். இடப்பக்கம் கமிஷனர் வோத்ரே. மேஜையின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், பெலிசார்.

பொந்தாலியே எழுந்தார். கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுக்கொண்டார். நெற்றியைத் தொடவில்லை. சாயம்!

"என் அன்பான தொழிலாளத் தோழர்களே! அந்த நாலு கறுப்பு வருஷத்தை எப்படி மறப்பேன்? ஜெர்மன்காரன் நம்ம உருளைக்கிழங்கையெல்லாம் வாரிக்கிட்டுப் போனான். நீங்க இங்க பட்டினி. நான் மலையில பட்டினி! தொழுவத்துல மாட்டோட மாடா ஒளிஞ்சு கெடந்தேன். மாட்டுக்குப் போடுற ரூத்தபாகா கிழங்கைத் தின்னேன்! காலையில அது. மத்தியானம் அது. ராத்திரியும் அது! அந்த ருசி சாகும்வரைக்கும் என் நாக்குல இருக்கும்!"

கைதட்டல். ஆட்சியரின் மனைவி விசும்பினாள்.

"நானும் அப்படித்தான்!" கமிஷனர் உணர்ச்சிவசப்பட்டார். "இதே ஊர்ல, மக்களோட மக்களா அந்த மாட்டுக்கிழங்கைத் தின்னுதான் நாலு வருஷத்தை ஓட்டினேன்!"

மறுபடி கைதட்டல்.

சமையலறைக் கதவு திறந்தது. ஆவி பறக்கச் சூப் வந்தது. சிதோனியே ஊற்றினார். அவரோடு ஒட்டிக்கொண்டு ஜெதெயோனும் ஊற்றினார்.

ஆவி கூடத்தில் பரவியது...

முதல் வரிசையில் ஒரு பெண் மூக்கைப் பிடித்தாள்.

இரண்டாம் வரிசையில் ஒருவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஐயையோ... இது... அதேதான்!"

"யம்மா... வயித்தப் பொரட்டுதே!"

"யாரோ ஜன்னலைத் திறங்கப்பா!"

பெலிசாரின் கிண்ணத்திலும் ஊற்றினார்கள். ஒரே ஒரு மூச்சு. அவ்வளவுதான். கிண்ணத்தைக் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளினார்.

மாட்டுக்கிழங்கு!

அந்த நாலு வருடம்! அவித்த மாட்டுக்கிழங்கு, மசித்த மாட்டுக்கிழங்கு, பொரித்த மாட்டுக்கிழங்கு. பிறந்தநாளுக்கு மாட்டுக்கிழங்கு கேக்! ஊர் விடுதலையான அன்று சதுக்கத்தில் இருந்த ஜெர்மன் கொடியை இறக்குவதற்கு முன்பே, மிச்சமிருந்த கிழங்கையெல்லாம் தெருவில் கொட்டி ஏறி மிதித்த ஊர் இது. அன்றிலிருந்து செந்த்-ஒதெத்தில் எந்த மனுஷனும் அதைத் தொட்டதில்லை. சந்தையில் விற்றால் அடி விழும். பன்றிக்கு மட்டும்தான்.

மாமியாரும் தன் பன்றிக்கென்று வைத்திருந்ததைத்தான் கொட்டிக் காய்ச்சியிருக்கிறார்!

பெலிசார் மூக்கைப் பொத்திக்கொண்டு மேஜையின் நடுப்பக்கம் திரும்பினார்.

திரும்பியவர்... அப்படியே உறைந்தார்.

பொந்தாலியே குடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடி, ரசித்து, சப்புக்கொட்டி!

"அடடா! என்ன ருசி! என்ன மணம்! மதாம் சிதோனி, இது என்ன கிழங்கு? இவ்ளோ நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இன்னொரு கிண்ணம் ஊத்துங்க!"

கூடத்தில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. க்ளிங்!

பிறகு யாரும் மூச்சுக்கூட விடவில்லை. நாற்றம் ஒரு காரணம்.

பெலிசார் மெதுவாக எழுந்தார்.

"முசியே பொந்தாலியே... ஒரு சந்தேகம். நாலு வருஷம் தொழுவத்துல எதைத் தின்னதாச் சொன்னீங்க?"

"ரூத்தபாகா. மாட்டுக்கிழங்கு!"

"அது எப்படி இருக்கும்?"

"அது... வந்து... நீளமா... பச்சையா..."

"நீளமா பச்சையா இருந்தா அது வெள்ளரிக்கா!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நாக்குலேயே இருக்குன்னு சொன்னீங்களே அந்த ருசி?"

"ஆமா... கசக்கும்! ரொம்பக் கசக்கும்! இந்த அற்புதமான சூப் மாதிரியா இருக்கும்?"

"இந்தச் சூப்பே அதுதான் முசியே! நீங்க இப்பக் குடிச்சது மாட்டுக்கிழங்கு! எங்க ஊர்ல பொறந்த குழந்தைக்குக்கூட இந்த நாத்தம் தெரியும். உங்களுக்குத் தெரியலேன்னா... அந்த நாலு வருஷம் உங்க தட்டுல என்ன இருந்துச்சு?"

பொந்தாலியே வியர்த்தார்!

காதோரம் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. இன்னொன்று. மூன்றாவது கோடு மூக்கு வழியாகச் சூப்பில் சொட்டியது.

"வாத்துக் கறி..." என்றார் ஈனக் குரலில்.

"யாரோட?"

"ஜெர்மன் அதிகாரிங்களோட."

கூடமே கொதித்து எழுந்தது. "துரோகி! பாசிஸ்ட்! பதக்கமாடா உனக்கு?"

"வியாபாரம்யா! நான் என்ன பண்ணுவேன்? ஜெர்மன்காரன் பொண்டாட்டிக்கும் மூஞ்சி இருக்கே! அதுல க்ரீம் பூச வேண்டாமா?"

"சாம்பல் முக்காடு சங்கத்துக்குப் படியளந்தது?"

"அதுவும்... நான்தான்."

"அந்தச் சங்கத்து அரிஸ்தீத் இன்னிக்கு வந்து மிரட்டியிருக்கணும். விருந்துல எல்லாத்தையும் உடைச்சிடுவேன்னு சொல்லியிருப்பான். நீங்க அவன் மண்டைய உடைச்சிட்டீங்க! சரிதானே?"

"இல்ல! மிரட்டினது நெஜம். ஊருக்குத் திரும்பி வரணும், இங்கயே மேனேஜர் வேலை வேணும்னான். கொலை நான் பண்ணல! சத்தியமா இல்ல!"

"போதும்!" கமிஷனர் வோத்ரே எழுந்தார். "தெளிவா ஆயிடுச்சு. இவன்தான் கொலைகாரன்! பெலிசார், பிரமாதம்யா! கைது பண்ணு!"

பெலிசார் விலங்கைத் தேடினார். அது மாமியார் கையில் இருந்தது. மறுபாதி ஜெதெயோன் கையில்.

"நில்லுங்க!" பொந்தாலியே கத்தினார். முகம் முழுக்கக் கறுப்பு. "நான் ஒருத்தன்தான் அந்தச் சூப்பை ருசிச்சுக் குடிச்சேனா? கமிஷனர் கிண்ணத்தைப் பாருங்க!"

எல்லார் கழுத்தும் ஒரே நேரத்தில் திரும்பியது.

கமிஷனரின் கிண்ணம்...

கழுவி வைத்த மாதிரி பளபளத்தது!

"சார்?" என்றார் பெலிசார். "மக்களோட மக்களா நாலு வருஷம்னு சொன்னீங்களே?"

"எனக்கு... ஜலதோஷம்யா. வாசனை தெரியல..."

"ஜலதோஷமா? பொய்யி!" பொந்தாலியே மேஜை மேலேயே ஏறிவிட்டார். "சாம்பல் முக்காடு சங்கத்துத் தலைவனே இவன்தான்! அரிஸ்தீத் மிரட்டுறான்னு காலையில இவன்கிட்டதான் ஓடிப்போய்ச் சொன்னேன். 'நான் பேசிக்கிறேன்'னான். பேசினது மரத்துடுப்பாலன்னு இப்பத்தான் புரியுது! சந்தேகமா இருந்தா அவன் கையுறையக் கழட்டச் சொல்லுங்க!"

"எதுக்கு?" என்றார் ஆட்சியர்.

"எதுக்கா? சூப் குடிக்கிறப்பக்கூட கழட்டலியே, பார்க்கலியா? க்ரீம்ல ஒருத்தனை முக்கினவன் கையும் சேர்ந்துதான் முங்கியிருக்கும். என் பனி லில்லில வெறுங்கைய வெச்சா அரை மணி நேரத்துல செவந்து வீங்கி அரிக்கும்! உள்ள இருக்கிறது பன்னிக் கொழுப்பும் சுண்ணாம்பும்தானே!"

"என்னதூஊஊ...?"

நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே குரலில் அலறினார்கள்.

பாசிஸ்ட் என்றபோதுகூட இந்தச் சத்தம் வரவில்லை!

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று பொந்தாலியேவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. தலையைக் காப்பாற்றப் போய்த் தொழிலைக் கொன்றுவிட்டார்!

ஆட்சியரின் மனைவி கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். எழுந்தாள்.

"அஞ்சு வருஷமா என் கன்னம் செவந்து கெடக்கே... டாக்டர் எல்லாம் வெயில் வெயில்னு சொன்னாங்களே... நீயாடா அந்த வெயிலு?"

பளார்!

மேஜை மேலிருந்த பொந்தாலியே கீழே வந்தார்.

"கையுறை, சார்" என்றார் பெலிசார், அமைதியாக.

கமிஷனர் கையுறையைக் கழற்றவில்லை. ஓடினார்!

"புடிங்க!"

ஜெதெயோன் இந்தமுறை நிஜமாகவே ஓடினார். அவர் ஓடவில்லை, சிதோனி இழுத்துக்கொண்டு ஓடினார்! இரண்டு பேரும் விலங்குச் சங்கிலியைக் குறுக்கே விறைப்பாகப் பிடிக்க, கமிஷனர் அதில் தடுக்கினார். சூப் பானை மேல் விழுந்தார். பானை அவர் மேல் விழுந்தது.

மாட்டுக்கிழங்கில் ஊறிக்கிடந்தவரின் கையுறையைப் பெலிசார் உருவினார்.

கை... அவித்த நண்டு மாதிரி சிவந்து உப்பியிருந்தது!

"சொறிஞ்சு விடுய்யா..." முனகினார் கமிஷனர் வோத்ரே. "எல்லாத்தையும் ஒத்துக்கறேன்... முதல்ல சொறிஞ்சு விடு!"

"சார், பாஸ்தியானை எங்க கொண்டு போனீங்க? ரொட்டிக்கடை பாஸ்தியானை?"

கமிஷனரின் முனகல் நின்றது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வாங்க. அப்புறம் சொறியிறதைப் பத்திப் பேசலாம்."

*

ஜெதெயோனிடமிருந்து மாமியாரைப் பிரிப்பதற்குள் சாவி தொலைந்து, பிறகு ஜெதெயோனின் ஷூவுக்குள் கிடைத்தது. அது தனிக்கதை.

"மாப்ளே..." சிதோனி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "உண்மையைச் சொல்லு. எனக்கு விலங்கு மாட்டுனப்ப உள்ளுக்குள்ள கொஞ்சம் குளுகுளுன்னு இருந்துச்சா?"

"அத்தே... கடமை அத்தே."

"குளுகுளுன்னு இருந்துச்சா, இல்லியா?"

"கொஞ்சம்."

"நெனச்சேன்! போ, போன் பண்ணி அந்தத் துணி மூட்டையப் பிரிக்கச் சொல்லு."

பெலிசார் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

எதிரில் ஆட்சியர்! இத்தனை களேபரத்திலும் அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"சபாஷ் இன்ஸ்பெக்டர்! கமிஷனர் நாற்காலி காலியாயிடுச்சு. உங்க பேரை நானே இன்னிக்கு எழுதி அனுப்பறேன். என்ன சொல்றீங்க?"

"ரொம்ப நன்றிங்க ஐ..."

பெலிசாரின் குரல் பாதியில் நின்றது.

பேசிக்கொண்டே ஆட்சியர் ஒரு ரொட்டித் துண்டைக் கிள்ளினார். கிண்ணத்தின் அடியை அதனால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். கடைசிச் சொட்டு மாட்டுக்கிழங்குச் சூப்பையும் வழித்து, வாயில் போட்டு, கண்ணை மூடி...

சப்புக்கொட்டினார்!

"என்ன இன்ஸ்பெக்டர், அப்படிப் பாக்குறீங்க?"

பெலிசாரின் காதோரம் மாமியாரின் குரல் கிசுகிசுத்தது.

"மாப்ளே... அடுப்புல இன்னொரு பானை இருக்கு. பாரிஸுக்கும் அனுப்பிப் பார்ப்போமா?"

இப்போது உங்களைத்தான் கேட்கிறேன், வாசகர்களே! நாற்காலியை வாங்கிக்கொண்டு பெலிசார் வாயை மூடிக்கொள்வதா? கிண்ணத்தைக் காட்டி வாயைத் திறப்பதா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மறைக்காமல் ஒரு வரி பதில் எழுதுங்கள். 'மாமியார் சொல்படி நட' என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்...

அதைப் பாவம், அவர் கல்யாணமான நாளிலிருந்து செய்துகொண்டுதான் இருக்கிறார்!